உங்கள் டிரைவர் யார் திறந்துவிட்ட கிளாக்கில் ஓடுகிறது?

பெங்களூர் மாரத்தஹள்ளியில் எங்கள் லேபில் ஒரு நாள் சாயங்காலம். திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவன், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, முகம் வாடி என் மேசைக்கு வந்தான். “அண்ணா, டிஸ்ப்ளே டிரைவரைத் தூக்கினா எஸ்பிஐ தொங்குது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

நல்ல கேள்வி. டிரைவர் என்பது லினக்ஸின் மையமான கெர்னல் ஒரு வன்பொருளை இயக்க உதவும் கோடு. எஸ்பிஐ என்பது சிப்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு கம்பி வழி. லேபில் அந்த போர்டு வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளருக்குத் திரை வேண்டாம் என்பதால் டிஸ்ப்ளே டிரைவரை எடுத்துவிட்டு பில்ட் செய்தோம். போர்டின் செய்திகள் எழுத்தாக வரும் சீரியல் கன்சோலில், பயன்படாத கிளாக்குகளை (சிப்பின் ஒவ்வொரு பகுதியையும் ஓட்டும் துடிப்புகளை) அணைப்பதாகக் கெர்னல் ஒரு வரி சொன்னது. அதற்குப் பிறகு மயான அமைதி. பேனிக், ஊப்ஸ் என்று கெர்னல் போடும் பிழைச் செய்தி எதுவும் இல்லை. போர்டு உறைந்தால் எழுப்பிவிடும் வாட்ச்டாக் கடித்து ரீசெட் ஆகி, மறுபடி அதே இடத்தில் நின்றது.

எஸ்பிஐ கன்ட்ரோலருக்கு இரண்டு கிளாக்குகள் உண்டு. ஒன்று டேட்டாவை வெளியே தள்ளும் ஃபங்ஷன் கிளாக். இன்னொன்று கன்ட்ரோலரின் கட்டளைகளும் நிலையும் இருக்கும் ரெஜிஸ்டரைப் படிக்கவும் எழுதவும் வேண்டிய பஸ் கிளாக். எங்கள் டிரைவர் முதலாவதை மட்டும் கேட்டு வாங்கியிருந்தது. இரண்டாவதை, கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர் ஆன் செய்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கிளாக்கைத் திறந்து மூடும் கேட் டிஸ்ப்ளேவுக்கும் அதேதான் என்பதால் அதன் டிரைவர் பிடித்து வைத்திருந்தது. டிஸ்ப்ளே போனதும் அந்தக் கிளாக்குக்கு வாரிசு இல்லை. பூட் முடியும் தறுவாயில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்ற எனேபிள் கவுண்டைக் கெர்னல் பார்த்தது, பூஜ்யம், அணைத்துவிட்டது. அடுத்த ரெஜிஸ்டர் ரீடுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் பஸ் உறைந்தது. சில சிப்களில் இதே தப்புக்கு எக்ஸ்டர்னல் அபார்ட் என்று திட்டாவது விழும். எங்களுடையது வாயே திறக்காத ரகம்.

பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நாலு வீட்டுக்கு ஒரு மோட்டார். மேல்வீட்டு அக்கா தினமும் போடுகிறார், நம் குழாயிலும் தண்ணீர் வருகிறது. மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. அக்கா ஊருக்குப் போன அன்றைக்குத்தான் தெரியவரும்.

கிளாக்கை ஆன் செய்ய பிரிப்பேர், எனேபிள் என்று இரண்டு படி எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அதற்கும் தண்ணீரே உதவும். காவேரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. வால்வ்மேன் வந்து தெரு வால்வைத் திறந்ததும் குழாயில் முதலில் காற்றுதான் சீறும். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அதுதான் பிரிப்பேர்: கிளாக்கை உருவாக்கும் பிஎல்எல் சுற்று நிலைக்கு வரும்வரை தூங்கலாம், தூங்கிக் காத்திருக்க விடும் பூட்டான மியூட்டெக்ஸ் பிடிக்கலாம். வீட்டுக் குழாயைத் திருகுவது எனேபிள்: தூங்க விடாத பூட்டான ஸ்பின்லாக்குக்குள் சட்டென்று முடிந்துவிடும். அதனால், வன்பொருள் குறுக்கிட்டுக் கூப்பிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் எனேபிள் செய்யலாம், பிரிப்பேர் செய்யக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஃபங்ஷனை வசதியாக இருக்கிறதென்று அங்கே அழைத்து, தூங்கவே கூடாத அட்டாமிக் நேரத்தில் தூங்கியதாகக் கெர்னல் கத்துவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

2012-ல் லினக்ஸ் 3.4-ல் காமன் கிளாக் ஃபிரேம்வொர்க் வருவதற்கு முன் ஒவ்வொரு ஏஆர்எம் சிப்புக்கும் தனித்தனிக் கிளாக் கோடு. அந்தக் கூத்து இப்போது இல்லை. கிரிஸ்டலில் தொடங்கி பிஎல்எல், டிவைடர், கேட் என்று ஒரே மரம். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் கிளாக் சம்மரி கோப்பைத் திறந்தால் மரம் முழுக்க எண்களோடு தெரியும். பலர் அதைத் திறப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அதற்குப் பதிலாக கெர்னலுக்குத் தொடக்கத்தில் தரும் பூட் ஆர்கியுமென்ட்டில் ‘பயன்படாத கிளாக்கை அணைக்காதே’ என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அது அருமையான கருவி. அதைப் போட்டதும் போர்டு எழுந்தால், யாரோ ஒரு கிளாக்கைக் கேட்க மறந்திருக்கிறார்கள் என்று உறுதி. ஆனால் அதோடு பொருளை அனுப்பக் கூடாது. கேட் திறந்திருக்கும்வரை, வேலை இல்லாவிட்டாலும் அதற்குக் கீழே உள்ள ஃபிளிப்ஃபிளாப்கள் துடித்துக்கொண்டே இருக்கும், கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி சாதனம் ஒன்று ராத்திரியெல்லாம் சும்மா கிடந்து காலையில் செத்துக் கிடந்தது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மல்டிமீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்து, கடைசியில் அந்த ஒற்றை பூட் ஆர்கியுமென்ட்டில் போய் முடிந்தோம்.

ரேட், அதாவது கிளாக்கின் வேகம், வேறு வகைத் தலைவலி. சீரியல் கன்சோலை ஓட்டும் யுஆர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 48 மெகாஹெர்ட்ஸை 16-ஆலும் பிறகு 26-ஆலும் வகுத்தால் 115200 பாட் (வினாடிக்கு இத்தனை பிட்) கிட்டத்தட்ட சரியாக வரும். பக்கத்து டிரைவர் ஒன்று தன் வசதிக்காகப் மரத்தில் மேலே உள்ள பொதுவான பேரன்ட் கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் யுஆர்ட் 120192-ல் பேசும். 4 சதவீதத்துக்கு மேல் பிழை. கன்சோலில் தமிழும் இல்லாத, கன்னடமும் இல்லாத ஒரு லிபி ஓடும்.

அணைக்கும்போதும் வரிசை முக்கியம். வாங்கியதைக் கெர்னலே தானாக விடுவிக்கும் டெவ்எம் வழியாக இன்டரப்ட் வாங்கிவிட்டு, டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் கிளாக்கைக் கையால் அணைக்கிறோம் என்று வையுங்கள். இன்டரப்ட் விடுபடுவது ரிமூவ் முடிந்த பிறகுதான். அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொடும். ஆயிரத்தில் ஒரு முறை தொங்கும், லேபில் யாரும் பார்க்கும்போது தொங்காது. கிளாக்கையும் டெவ்எம் வழியிலேயே, இன்டரப்டுக்கு முன்பாக வாங்கிவிட்டால் விடுபடும் வரிசை தானாகத் தலைகீழாகிவிடும். டிரைவரைத் தொடங்கும் ப்ரோப் தள்ளிப்போய்த் திரும்பத் திரும்ப ஓடும்போது, பிழை வந்த வழியில் அணைக்க மறந்து கவுண்ட் ஏறிக்கொண்டே போகிற வியாதிக்கும் அதுவே மருந்து.

சரி, தம்பி கதைக்கு வருவோம். போர்டில் என்னென்ன வன்பொருள் என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் இரண்டாவது கிளாக்கையும் அதன் பெயரையும் சேர்த்தோம். டிரைவரில் அதைக் கேட்டு எனேபிள் செய்ய நாலு வரி. இரவு ஒன்பதரை மணிக்கு போர்டு டிஸ்ப்ளே இல்லாமல் எழுந்தது. கிளாக் சம்மரியில் அந்த வரியில் எண் 1 என்று நின்றது.

இப்போதெல்லாம் அவன் ரிவ்யூவுக்கு அனுப்பும்போது இரண்டு கிளாக் சம்மரியைச் சேர்த்தே அனுப்புகிறான்: மற்ற டிரைவர்களோடு ஒன்று, அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு ஒன்று. போன வாரம் என் டிரைவர் ஒன்றுக்கே இரண்டாவது எங்கே என்று கேட்டான். எடுத்துப் பார்த்தேன், பூஜ்யம்.