சக்கரத்துக்குள் ஒரு நவகிரக மேடை

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாம்னு கடைக்குப் போனேன் சார். ஒண்ணுல மோட்டார் பின்சக்கரத்துக்குள்ள இருக்கு, இன்னொண்ணுல பெடல்கிட்ட இருக்கு. ரெண்டாவது ரெண்டு மடங்குக்கு மேல விலை. 'மேடம், அதுதான் டாப்பு'ங்கிறார் கடைக்காரர். ஏன் டாப்புன்னு கேட்டா சிரிக்கிறார். தினமும் பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு கோரிமேட்டுக்கு வேலைக்குப் போகணும். மாசம் ஒரு தடவை கடலூர்ல அம்மா வீட்டுக்கு சைக்கிள்லயே போகணும்னு ஆசை. எதை வாங்கட்டும்?"

பின்சக்கர மோட்டாரே போதும் அம்மா, அதிலும் உள்ளே பல்சக்கரம் வைத்தது. பதில் அவ்வளவுதான். ஏன் என்று சொல்லும் சாக்கில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதியைச் சொல்லிக்கொள்ளப் போகிறேன், பொறுத்தருள்க.

முதலில் சட்டம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் நம் நாட்டில் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸ் வேண்டாம், பதிவெண் வேண்டாம். ஆகவே இரண்டு சைக்கிளுக்கும் திறன் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 250 வாட்டை எப்படிச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பள்ளியில் படித்ததுதான்: திறன் என்பது முறுக்குவிசை பெருக்கல் சுழலும் வேகம். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் 250 வாட் வேண்டுமென்றால் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அதே 250 வாட்டை 1000 சுற்றில் எடுத்தால் 2.4 நியூட்டன் மீட்டரே போதும்.

இதில் என்ன லாபம்? மோட்டாரின் எடையும் விலையும் அது தரும் முறுக்கைப் பொறுத்தவை. முறுக்கு அதிகம் வேண்டுமானால் காந்தமும் செம்புக் கம்பியும் விட்டமும் கூடும். வேகத்துக்கு அப்படியில்லை, அது கிட்டத்தட்ட ஓசி. ஆகவே கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், சின்ன மோட்டாரை வேகமாகச் சுற்றவிட்டு, பிறகு பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து முறுக்காக மாற்றிக்கொள்வது.

மெதுவாகச் சுற்றும் மோட்டாருக்கு இன்னொரு நோயும் உண்டு. வில்லியனூர்த் தேர் நிலையிலிருந்து கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆளுநரே வடம் பிடித்தாலும் முதல் அசைவுக்கு முன் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள், வேர்க்கிறது, தேர் ஓர் அங்குலம் நகரவில்லை. இயற்பியல் கணக்கில் அங்கே வேலை பூஜ்யம், செலவு முழுசு. மோட்டாரும் அப்படியே. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், மேட்டில் திணறும்போதும் உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு கம்பிச்சுருளைச் சூடாக்கவே போய்விடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதுவே ஒரு ஜெனரேட்டராகவும் நடந்துகொண்டு எதிர்மின்னழுத்தம் காட்டி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது.

இனி ரகங்கள். முதலாவது, பல்சக்கரம் இல்லாத ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்புக்குள்ளேயே இருப்பதால் இந்தப் பெயர்). நடுத்தண்டோடு சேர்ந்த கம்பிச்சுருள் அசையாது. அதைச் சுற்றிக் காந்தங்கள் ஒட்டிய வெளிக்கூடுதான் சக்கரத்தின் நடுப்பாகம். தேயும் பாகம் இரண்டு பேரிங் மட்டுமே, சத்தமே வராது. ஆனால் மேலே சொன்ன 12 நியூட்டன் மீட்டரை நேரடியாகத் தர வேண்டியிருப்பதால் குண்டு. பேட்டரி தீர்ந்த பிறகு மிதித்தால் காந்தங்கள் பிடித்து இழுப்பது காலில் தெரியும். பிரேக் பிடித்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் என்று இதைப் புகழ்வார்கள். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ, 25 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இயக்க ஆற்றல் 2400 ஜூல் சொச்சம், அதாவது 0.67 வாட் மணி. போகிற வழியில் வீணானது போக, பாதி திரும்பி வந்தால் சைக்கிள் 30 மீட்டர் ஓடும். நேரு வீதியில் ஒரு துணிக்கடையின் முகப்பைத் தாண்டலாம்.

இரண்டாவது, உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார். இதுதான் என் செல்லம்.

சென்ற வருஷம் என் சைக்கிள் உதறத் தொடங்கியது. காரணம் நானே. மழைநாளில் ரெயின்போ நகர்ப் பக்கம் முழங்கால் தண்ணீரில் வீரம் காட்டி ஓட்டியிருந்தேன். ஒயர் நுழைகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், காந்தம் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டது. மூன்று சென்சாரில் ஒன்று ஊமையானால் கன்ட்ரோலருக்கு எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தருவது என்று தெரியாது. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக் தம்பி ஆறு திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினார். "பாருங்க சார், உள்ள எப்படி இருக்கு."

கிரீஸ் பூசிய நடுவில் ஒரு சின்ன இரும்புப் பல்சக்கரம். அதைச் சுற்றி வெள்ளை நைலானில் மூன்று பெரிய பல்சக்கரங்கள். அவற்றையெல்லாம் வளைத்து, உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். உலகம் முழுக்க இதற்குப் பெயர் சூரியன், கோள்கள், வளையம். நவகிரக மேடையிலும் சூரியன்தானே நடுவில்.

எண் வைத்துப் பார்ப்போம். சூரியனுக்கு 18 பல், ஒவ்வொரு கோளுக்கும் 36 பல் என்றால் வளையத்துக்கு 90 பல் வந்தாக வேண்டும். நடுச் சூரியனும் இருபுறக் கோள்களும் சேர்ந்து வளையத்தின் விட்டத்தை நிரப்ப வேண்டும் அல்லவா, 18 + 36 + 36. மோட்டார் சூரியனைச் சுற்றுகிறது. 5 சுற்றுக்கு 90 பல் நகர்கிறது. அதே 90 பல் கோள்கள் வழியாக வளையத்துக்குப் போய், வளையம் ஒரே ஒரு சுற்று சுற்றுகிறது. வேகம் ஐந்தில் ஒன்று, முறுக்கு ஐந்து மடங்கு. கவனித்தீர்களா, கோளுக்கு எத்தனை பல் என்பது இந்த ஐந்துக்கு ஒன்று கணக்கில் எங்குமே வரவில்லை. இந்தப் பக்கம் வாங்கியதை அந்தப் பக்கம் அப்படியே கொடுத்துவிடுகிற, உராய்வு தவிர வேறு கமிஷன் எடுக்காத தரகர்கள் அவர்கள். பாரத்தை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வதால்தான் நைலான் பல் தாங்குகிறது.

இதைவிட ரசமானது திசை. சூரியன் ஒரு பக்கம் சுற்றினால் கோள் எதிர்ப்பக்கம் சுற்றும், கோள் சுற்றும் பக்கமே வளையமும் சுற்றும். அதாவது சைக்கிள் முன்னால் போகிறபோது உள்ளே மோட்டார் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது! மூன்று வருஷமாக அதன்மேல் உட்கார்ந்து போன எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோள்களைத் தாங்கும் தட்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் நடுத்தண்டுக்கும் இடையே ஒருவழிக் கிளட்ச். மோட்டார் இயங்கும்போது தட்டு பின்னால் நகரப் பார்க்கும், கிளட்ச் விடாது. கோள்கள் நின்ற இடத்திலேயே நின்று தன்னைத்தானே சுற்றும். மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தாலோ, சரிவில் உருண்டாலோ, வளையம் முன்னால் ஓடும், கிளட்ச் வழிவிடும், மூன்று கோள்களும் நிற்கும் சூரியனைச் சுற்றி வலம் வரத் தொடங்கும். மோட்டார் சும்மா கிடப்பதால் காலுக்குப் பாரமே தெரியாது. சுருக்கமாக, இந்த மேடையில் கரண்ட் இருக்கும்வரை கிரகங்கள் பெயராது. கரண்டை நிறுத்தினால்தான் பெயர்ச்சி.

நம் யூனியன் பிரதேசத்திலேயே காரைக்காலில் திருநள்ளாறு இருக்கிறது. சனி சூரியனைச் சுற்ற 29 வருஷம் சொச்சம் ஆவதால் ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம். இந்தக் கணக்கை வெறுங்கண்ணால் பார்த்தே போட்டுவைத்தவர்களை நினைத்தால் எனக்கு மலைப்புதான். ஆனால் "பெயர்ச்சி முடியட்டும் சார், அப்புறம் வண்டி வாங்கிக்கலாம்" என்று என் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை வருஷம் பஸ்ஸுக்கு நின்றதை என்னால் மலைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் பார்த்திருக்க வேண்டியது பேட்டரியின் உத்தரவாதச் சீட்டை.

இந்த ரகத்தின் குறை என்ன? நைலான் பல் ஒருநாள் தேயும். "காயில் அவ்ளோ சீக்கிரம் போவாது சார், பல்லுதான் போவும்" என்றார் தம்பி. காயில் என்றது கம்பிச்சுருளை. பல் போனால் மாற்றிக்கொள்ளலாம். சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும், ஒயரைப் பிடுங்க வேண்டும் என்பதால் பின் டயர் பஞ்சரானால் நம்ம ஊர்ப் பஞ்சர்க் கடைக்காரர் முகம் சுளிப்பார். சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை மட்டும் ஒரு பக்கமாக உருவி ஒட்டச் சொல்லுங்கள், போதும்.

மூன்றாவது, கடைக்காரர் 'டாப்பு' என்றது. பெடல் தண்டிலேயே மோட்டார். அதன் விசை நம் காலைப் போலவே செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. ஹப் மோட்டாருக்கு எப்போதும் ஒரே கியர்தான். இதற்கோ சைக்கிளில் உள்ள அத்தனை கியரும் சொந்தம். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ஹப் மோட்டார் தேர் கிளம்பும் நிலையிலேயே மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். பெடல் மோட்டாரில் கியரைக் குறைத்துவிட்டால் அது தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டு ஏறும். எடை சைக்கிளின் நடுவில், தாழ்வாக இருப்பதால் கல்லிலும் மேட்டிலும் பிடிமானம் நன்றாயிருக்கும். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் ஊரில் மலைக்கு எங்கே போவது? கோரிமேடு பெயரில்தான் மேடு, செம்மண் திட்டு. கடலூரில் கேப்பர் மலை இருக்கிறது, அதுவும் மலை என்று மரியாதைக்குச் சொல்வது. மற்றபடி அரும்பார்த்தபுரம் மேம்பாலம்தான் நமக்கு இமயம். இரண்டு நிமிடத் திணறலுக்காக இரண்டு மடங்கு விலையா?

நம்முடைய உண்மையான மலை காற்று. 20 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போக, எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பின்மேல் அழுத்தும் விசை காற்றில்லாத நாளைப்போல் நான்கு மடங்கு, சுமார் 40 நியூட்டன். 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் சாலையில் ஏறுவதற்குச் சமம். ஐப்பசி கார்த்திகையில் கடலூரிலிருந்து வடக்கே திரும்பி வந்து பாருங்கள், வாடைக்காற்று முகத்தில் அறையும்போது புரியும். இந்த மலைக்கு மட்டும் ஒரு தனிக்குணம்: இதில் நாம் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதில்லை, 18, 20 என்று ஓரளவு வேகமாகத்தான் போகிறோம். அது பல்சக்கர ஹப் மோட்டாருக்குப் பிடித்த வேகம். ஆகவே அதற்கு மூச்சு வாங்காது.

செயின் விஷயமும் உண்டு. பெடல் மோட்டாரில் ஆளின் பலமும் மோட்டாரின் பலமும் ஒரே செயினில் ஏறுவதால் அது சீக்கிரம் தேயும், உப்புக்காற்று வேறு. ஒருநாள் இரவு கிருமாம்பாக்கம் தாண்டி எனக்குச் செயின் அறுந்தது. ஹப் மோட்டாராக இருந்ததால் கைப்பிடியை முறுக்கி, இரண்டு காலையும் சும்மா தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பெடல் மோட்டாராக இருந்திருந்தால் தள்ளிக்கொண்டு வந்திருப்பேன்.

கடையில் மோட்டாரைவிடக் கவனித்துக் கேட்க வேண்டியது சென்சார். மலிவான சைக்கிளில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்: சுற்றினால் மோட்டார் ஓடும், நிறுத்தினால் நிற்கும். பள்ளிக்கூட வாசல் நெரிசலில் பெடல் லேசாக அசைந்ததும் வண்டி தவ்வும். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. முறுக்கு சென்சார் வைத்ததோ நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்று பார்த்து அதற்கேற்பத் துணைக்கு வரும், லேசாக மிதித்தால் லேசாக. அழுத்தத்தில் தண்டு மயிரிழைகூட முறுகாது, அந்த மயிரிழைக்கும் குறைந்த முறுக்கை அளந்து சொல்லிவிடுகிறது. பெடல் மோட்டார்களை 'டாப்பு' என்று மெச்சுகிறவர்கள் பலர் உண்மையில் மெச்சுவது இந்தச் சென்சாரைத்தான். ஹப் மோட்டாரோடும் இது கிடைக்கும். மிச்சப்படுத்திய பணத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுங்கள்.

இந்த மூன்று ரகத்துக்கும் பொதுவான ஒரு தலைவலி காந்தம். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த இந்தக் காந்தத்தை 1984-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். நியோடிமியம் அடங்கிய மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. ஆனால் 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் மின்வண்டித் தொழிற்சாலைகள் கையைப் பிசைந்தன. மணலை அள்ளுவது ஒரு வேலை, அதிலிருந்து உலோகத்தைப் பிரித்துக் காந்தமாக்குவது வேறு வேலை. இரண்டாவதற்குப் பத்திருபது வருஷம் ஆய்வுக்கூடத்தில் பொறுமையாகப் பணம் போட்டிருக்க வேண்டும். வண்டிக்கு மானியம் கொடுத்தால் திறப்பு விழாவில் படம் எடுக்கலாம், உலோகவியல் ஆய்வு மாணவரின் உதவித்தொகையை மாதாமாதம் ஒழுங்காகக் கொடுப்பதை யார் படம் எடுக்கப்போகிறார்கள்?

சரி, கடைக்கு வருவோம். பின்சக்கர மோட்டார் எல்லாமே வெளியே ஒரே மாதிரி உருளையாகத்தான் இருக்கும், உள்ளே பல்சக்கரம் இருக்கிறதா என்று கடைக்காரருக்கே சில சமயம் தெரியாது. ஸ்விட்சைப் போடாமல், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, கையால் முன்னோக்கிச் சுற்றிவிடுங்கள். தாராளமாகச் சுற்றினால் பல்சக்கரம் வைத்தது. இரண்டு பக்கமும் விட்டுவிட்டுப் பிடித்தால் பல்சக்கரம் இல்லாத நேரடி மோட்டார். பிறகு பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடலும் கூடவே பின்னால் வரும், அதை விடுங்கள். கை கனக்கிறதா? அதுதான் கிளட்ச் பூட்டிக்கொண்டு, கோள்கள் நின்ற இடத்தில் நின்று, உங்கள் கை அந்த மோட்டாரை ஐந்து மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், பூஜை முடிந்த வண்டியை மாற்றித் தர மாட்டார்கள்.