கவுன்சிலர், சி.பி.எஃப்., தெரு பேட்ரோல்: யாருக்கு எவ்வளவு அதிகாரம்?

இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வார்டுக் கூட்டத்தில் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழுந்தால், கேள்விகள் எல்லாம் கவுன்சிலரிடம்தான் போகும். போலீஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை, வேன் ஏன் போதவில்லை என்று. கேட்பது நியாயம்தான். ஆனால் தென்னாப்பிரிக்கப் போலீஸ் தேசிய அரசின் கீழ் இருக்கிறது. ஸ்டேஷன் அதிகாரிக்கு வார்டு கவுன்சிலர் உத்தரவு போட முடியாது.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை வேறு. எரியாத தெருவிளக்கு, புதர் மண்டிய நகராட்சி நிலம், மெட்ரோ போலீஸின் ரோந்து. மெட்ரோ போலீஸ் நகராட்சியுடையது. போக்குவரத்து, நகராட்சி விதிகள், குற்றத் தடுப்பு ஆகியவை அதன் வேலை. குற்றத்தைத் துப்பறிவது தேசியப் போலீஸின் பொறுப்பு. கவுன்சிலர் அறிக்கை வாசிக்கும்போது விளக்கு, நிலம், ரோந்து ஆகிய மூன்றிலும் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

ஸ்டேஷனையே கேள்வி கேட்க சமூகப் போலீஸ் மன்றம் இருக்கிறது, எல்லோரும் சி.பி.எஃப். என்பார்கள். 1995-ஆம் ஆண்டுப் போலீஸ் சேவைச் சட்டத்தில் வந்த அமைப்பு இது. போலீஸோடு சேர்ந்து பகுதியின் பிரச்சினைகளை அடையாளம் காண்பதும், போலீஸை வெளிப்படையாக நடக்கவும் மக்களுக்குப் பதில் சொல்லவும் வைப்பதும் இதன் கடமை. இரண்டாவது கடமையைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். போலீஸுக்கு உதவி செய்யும் குழுவாக மட்டும் மன்றம் சுருங்கிவிடக் கூடாது.

அடுத்தது தெரு பேட்ரோல், அதாவது குடியிருப்பாளர்களே தெருவில் சுற்றிவந்து காவல் காப்பது. இதை எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியிருப்பாளர்கள் சாலைகளில் தடுப்பு போட்டார்கள். அங்கே 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்; பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பயத்தில் இருந்த நம் மக்களின் நிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த உயிர்களை நினைக்காமல் நாம் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே கூடாது.

சட்டம் சொல்வது இதுதான். சாலையை அடைத்துச் சோதனை போடுவது போலீஸின் வேலை; அதற்கும் பொதுவாகத் தேசிய அல்லது மாகாணப் போலீஸ் ஆணையரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பேட்ரோல் உறுப்பினருக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள அதிகாரம்தான், அதற்கு மேல் துளியும் இல்லை. மஞ்சள் ஜாக்கெட்டும் ரேடியோவும் எதையும் கூட்டித் தராது. தனியார் செக்யூரிட்டி கார்டுக்கும் பொதுவாக இதே நிலைதான். திருட்டு, கொள்ளை போன்ற கடுமையான குற்றத்தை ஒருவர் கண்ணெதிரே செய்தால், 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி யாரும் அவரைப் பிடிக்கலாம். பிடித்தவுடன் கூடிய சீக்கிரம் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிப்பதும் கட்டிவைத்து விசாரிப்பதும் குற்றம். தெருவில் நடந்து போகிறவரை நிறுத்தி, "எங்கே போகிறாய், பையைக் காட்டு" என்று கட்டாயப்படுத்தவும் உரிமை இல்லை. நடமாடும் சுதந்திரமும் அந்தரங்க உரிமையும் அரசியல் சாசனத்தில் இருக்கின்றன. அறிமுகமில்லாத முகம் என்பது ஒருவரைச் சந்தேகிக்கக் காரணமே ஆகாது.

சரி, போலீஸ் உங்களையே பிடித்தால்? காரணத்தைச் சொல்ல வேண்டும். பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்; அந்த நேரம் வார இறுதியில் முடிந்தால் அடுத்த நீதிமன்ற நாள்வரை போகலாம். இந்த உரிமைகளை உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது சாசனத்தின் 35-ஆம் பிரிவு. தமிழ்நாட்டிலிருந்து கடைவேலைக்கு வந்து ஆங்கிலத்தில் தடுமாறும் தம்பிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லாதவர்கள் லீகல் எய்டின் 0800 110 110 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

காவலில் அடி, சித்திரவதை, மரணம், போலீஸ் துப்பாக்கிச் சூடு: இவற்றை விசாரிப்பது ஐபிட் என்ற தனி அமைப்பு. அது போலீஸின் கீழ் இல்லை.

வீட்டு வன்முறையில் சிக்கிய பெண்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அங்கே போக வக்கீல் வேண்டியதில்லை. "இது குடும்ப விஷயம், போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் அது தவறு. தங்குமிடமும் மருத்துவ உதவியும் கிடைக்க வழி செய்வது 1998-ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டப்படி போலீஸின் கடமை.

இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது. வழக்குப் போடக் கட்டணம் இல்லை, எழுத்தரே படிவம் நிரப்ப உதவுவார். 2016-ல் உம்சிண்டோவில் இப்படிப்பட்ட நீதிமன்றம், கறுப்பின மக்களை இழிவுபடுத்திய ஒரு ஃபேஸ்புக் பதிவுக்கு 1,50,000 ராண்ட் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் சொற்களுக்கும் அதே சட்டம்தான். அப்படி ஏதாவது வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள். எழுத்தரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.