வாடிக்கைப் பயணி: சொல்லும் பொருளும்

ஒரே வழியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், வேலைக்கோ பள்ளிக்கோ போய்த் திரும்புவதை வழக்கமாகக் கொண்டவரை ஆங்கிலத்தில் ‘கொமியூட்டர்’ என்பார்கள். ‘மாற்றுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் பாதைகளில்தான் இன்றைய பொருளைப் பெற்றது. அன்றாடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டிய கட்டணங்களைக் குறைத்து, ஒரே தொகையாக மாற்றி வழங்கிய சீட்டை வைத்திருந்தவரே முதற் கொமியூட்டர். மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘கொமியூட்’ என்னும் இதே வினைதான். அத்தகைய சீட்டை நாம் ‘சீசன்’ என்கிறோம். ‘பருவச்சீட்டு’ என்பது அதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, மாதந்தோறும் புதுப்பிக்கும் சீட்டில் பருவம் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழில் இவரை ‘நாளாந்தப் பயணி’ என எழுதுவது வழக்கம். கொழும்பின் அலுவலக ரயில்களுக்கு அது பொருந்தலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பொருள் சுருங்கிவிடுகிறது. ஹட்டனில் கடை வேலை பார்க்கும் இளைஞர் நாளும் பஸ் ஏறுகிறார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அவருடைய தாய்க்கு வேலைத்தலம் நடை தூரத்தில். அவர் பஸ் ஏறுவது சம்பளம் வந்தபின் சாமான் வாங்கவும், கிளினிக்குக்குப் போகவும்தான். நாளாந்தம் என்ற அளவுகோல் அவரை விட்டுவிடும், ஆயினும் அவருடைய பயணமும் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப நிகழ்வதே.

இதனால் ‘வாடிக்கைப் பயணி’ என்பதையே நான் விரும்புகிறேன். வாடிக்கை என்றால் வழக்கம். தெலுங்கு வழியே தமிழுக்கு வந்து, கடையும் கணக்குமாக ஊறிப்போன சொல். பயணமும் வடமொழிப் ‘பிரயாண’த்தின் வழி வந்ததே. தனித்தமிழே வேண்டும் என்பவர்கள் சங்க இலக்கியத்தில் பயணத்தைக் குறித்த ‘செலவு’ என்பதை மீட்கலாம், ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓட்டோக் கூலியாகத்தான் இருக்கும்.

இச்சொல்லோடு ஒட்டி வருவது ‘வாடிக்கையாளர் ஆய்வு’. சேவையைப் பயன்படுத்துவோரிடம் கேட்டறிந்தும், அவர்களுடைய பழக்கங்களைக் கவனித்தும், அதற்கேற்பச் சேவையைத் திருத்துவது என்பது இதன் பொருள். இங்கே வாடிக்கையாளர் என்பதற்கு மூலமான ஆங்கிலக் ‘கிளையன்ட்’, பண்டைய ரோமில் செல்வாக்குள்ள ஒருவரை அண்டி வாழ்ந்தவரைக் குறித்தது. நம் அரச அலுவலகங்கள் எழுதும் ‘சேவை பெறுநர்’ என்பதிலும் கொடுப்பதைப் பெற்றுக்கொள்பவர் என்னும் தொனி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வாடிக்கையாளரோ, தாமாகத் தேடி வருபவர், பிடிக்காவிட்டால் வராமலும் போகக்கூடியவர்.

வராமற் போனவரைத் தேடுவதுதான் இவ்வாய்வின் கடினமான பகுதி. மலையக ரயில் பாதை கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக ஏறிவந்தது. 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்த அப்பாதை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வேலைக்குப் போவோரை எண்ணிப் போடப்பட்டதன்று. பஸ் வழிகளும் பெரும்பாலும் பிரதான வீதியோடு நின்றுவிட, தோட்டத்துக்குள் இருப்பவர் சந்திவரை நடக்கிறார், அல்லது ஓட்டோ பிடிக்கிறார். எனவே ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் மட்டும் படிவம் நீட்டினால், அங்கு வந்து சேர முடிந்தவர்களின் குறைகளே பதிவாகும். கடைசி பஸ் சீக்கிரம் போய்விடுவதால் டவுனில் கிடைத்த வேலையை விட்டவர் லயத்தில் இருப்பார்.

படிவத்தின் சொல்லும் விடையை மாற்றும். ‘நீங்கள் நாளாந்தம் பயணிப்பவரா?’ என்ற கேள்விக்கு அந்தத் தாய் ‘இல்லை’ என்பார், படிவமும் அதோடு முடிந்துவிடும். ‘டவுனுக்கு எப்பெப்ப போவீங்க, திரும்பி எதுல வருவீங்க?’ என்று கேட்டால், பஸ் தவறிய நாட்களையும் ஓட்டோவுக்குக் கொடுத்த காசையும் அவரே சொல்லத் தொடங்குவார்.