செருப்பு கழன்றது தெரியவில்லையா? பால் பிராண்ட் கண்டுபிடித்தது அதைத்தான்

“பாதி தூரம் நடந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லைன்னு பார்த்தேன்.” தொழுநோய்ப் பிரிவுக்கு வருகிறவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இப்போது சர்க்கரை நோய்ப் பிரிவிலும் இதே பேச்சு கேட்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது வெறும் மறதி. சிகிச்சை செய்கிற எங்களுக்கோ, பாதத்துக்குப் போகும் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்ற சேதி. அந்தச் சேதியை முதலில் முழுசாகப் படித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர், வேலூரில் வேலை பார்த்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மலைக்காய்ச்சல் ஆட்டிப்படைத்த ஊர்களில் கற்ற அளவு வைத்தியத்தை வைத்துக்கொண்டு பல் பிடுங்குவது முதல் புண் கட்டுவது வரை செய்தார்கள். ஒருநாள் தொழுநோய் கண்ட மூவர் வீட்டு வாசலுக்கு வந்ததை பிராண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எந்த நோயாளிக்கும் தயங்காத அப்பா, அன்று கையுறை மாட்டிக்கொண்டுதான் கட்டுப் போட்டார். பிள்ளைகளைக் கிட்டே போக விடவில்லை. அக்காலத்தில் தொழுநோய் என்றால் அவ்வளவு பயம். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் பள்ளிக்குப் போயிருந்த மகன் படிப்பு முடித்ததும் மருத்துவத்துக்குப் போகவில்லை. சில வருடங்கள் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். லண்டனில் மருத்துவம் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தச்சு வேலை பின்னால் எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பார்க்கத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப்போய் நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் பருந்தின் நகம்போல உள்மடங்கிய கைகள். ஒருவரிடம் “என் கையை அழுத்திப் பிடியுங்கள்” என்றார் பிராண்ட். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. கை முழுக்கச் செயலிழந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்க, உள்ளே இத்தனை வலுவான தசை இருக்கிறது! தொட்டுப் பார்த்ததால் தெரிந்த விஷயம் இது. தள்ளி நின்று பார்த்தவர்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

காரணம் இதுதான். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். தோலுக்கு நெருக்கமாக ஓடும் நரம்புகளில்தான் அது குடியேறும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்கிறதே, அந்த அல்நார் நரம்பு அவற்றில் முதன்மையானது. அது கெட்டால் உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் வேலைநிறுத்தம் செய்யும். முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கும். சின்னத் தசை விட்டுவிட, பெரிய தசை மட்டும் இழுக்க, விரல் மடங்கிப்போகிறது. மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பும் சேர்ந்து கெட்டால் கட்டைவிரலும் போச்சு.

அப்படியானால் நல்ல தசையின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) ஒன்றைக் கடன் வாங்கலாம். ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் நாலாகக் கிழித்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் நான்கு விரல்களின் பக்கவாட்டிலும் தைப்பது ஒரு முறை. போலியோவுக்கும் கைக்காயத்துக்கும் ஏற்கெனவே செய்துவந்த அறுவைதான். தொழுநோயாளியின் கையில் கத்தி வைத்தால் புண் ஆறாது, அது ‘கெட்ட சதை’ என்று மருத்துவர்களே நம்பியதால் யாரும் முயலவில்லை. பிராண்ட் முயன்றார். மற்றவர்களுக்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறியது.

இந்த அறுவை இன்றும் நடக்கிறது, அரசு உதவித்தொகையும் உண்டு. ஆனால் பலர் வாய்ப்பைத் தவற விடுவது அறுவைக்கு முன்பே. விரல் மூட்டு இறுகிப்போயிருந்தால் எந்த நாணை மாற்றியும் பயனில்லை. அதனால் மடங்கத் தொடங்கிய நாளிலிருந்தே பயிற்சி வேண்டும். கையை நனைத்து எண்ணெய் தடவி, தொடைமேல் மல்லாத்தி வைத்து, மறு கையால் விரல்களை அடியிலிருந்து நுனிவரை நீவி நிமிர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. அறுவைக்குப் பின் சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்ததும் விரல் தானாக நீளும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். இடம் மாறிய தசை இன்னும் பழைய வேலையைத்தான் செய்யப் பார்க்கும். மூளைக்குப் புது வேலையைச் சொல்லிக்கொடுக்க மேலும் சில வாரம் பிசியோதெரபி தேவை. அதை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவரின் கை பாதிதான் தேறும்.

இனி தச்சு வேலை. கை நிமிர்ந்து ஊருக்குப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கையைக் காட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை என்று முறையிட்டதாக பிராண்ட் சொல்லியிருக்கிறார். கை தேறினால் மட்டும் போதாது, பிழைப்பு வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே சில குடிசைகள் போட்டு, நவஜீவ நிலையம் என்று பெயர் வைத்து, பட்டறையில் பொம்மையும் மரச்சாமானும் செய்யக் கற்றுக்கொடுத்தார். லண்டனில் பிடித்த உளி இங்கே கைகொடுத்தது.

அந்தப் பட்டறையில்தான் பெரிய கண்டுபிடிப்பு நடந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. ஒரு பையன் வந்து ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரலைப் பிரித்துப் பார்த்தால் சாவியின் விளிம்பு எலும்புவரை வெட்டியிருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். இது சுத்தியல் பிடி உரசியது, இது சூடான பாத்திரம், இது ஆணி. ஒரு காரணம் மட்டும் பிடிபடவில்லை. இரவு படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தொழுநோயில் விரல் அழுகி விழுவதில்லை. கிருமி வலியைத் திருடுகிறது. மிச்சத்தை அடுப்பும் ஆணியும் எலியும் பார்த்துக்கொள்கின்றன. அதாவது, விரல் போவதைத் தடுக்க முடியும். ஊரில் இன்னும் ‘அழுகல் நோய்’ என்று பேசுகிறவர்களுக்கு இந்தப் பட்டறைக் கதையைச் சொல்லுங்கள்.

பிராண்டின் கிறிஸ்தவ விசுவாசத்தை அவர் செய்த வேலையிலிருந்து பிரிக்க முடியாது. நவஜீவ நிலையத்தில் ஒருமுறை நோயாளிகளோடு வழிபாட்டில் உட்கார்ந்திருக்கிறார். பேசச் சொன்னார்கள். முன்னால் எல்லோரும் கைகளை மடிக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். தச்சனின் காய்த்த கை, நோயாளியைத் தொட்ட கை, கடைசியில் ஆணி அடிக்கப்பட்ட கை. ஆணி இறங்கிய இடத்தில் நரம்பும் நாணும் அறுந்து அந்தக் கையும் மடங்கியிருக்கும், உங்கள் கையைப் போலவே, என்று ஒரு கை அறுவை மருத்துவராகச் சொன்னார். உயிர்த்தெழுந்த பிறகும் அவர் தழும்புள்ள கையைத்தான் நீட்டினார் என்றும் சொன்னார். மறைந்திருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கும்பிட எழுந்தன. அந்த மதத்தைச் சேராதவர்களுக்கும், கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்களுக்கும்கூட இந்தக் காட்சி புரியும். வெட்கத்தில் கையை மறைப்பவர் அதைத் தினமும் பார்க்கமாட்டார். பார்க்காத கையில்தான் புண் வளரும்.

இன்னொரு இரவு. நீண்ட பயணம் முடிந்து லண்டன் விடுதியில் செருப்பைக் கழற்றும்போது அவருக்குக் குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. நமக்கும் வந்துவிட்டது என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தவர், காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து நரம்பு அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மருத்துவர் அவர்.

1960-களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் குழு ஆராய்ந்தது பாதப்புண். ஒரே அடியில் தோல் கிழிவதை விட, நடக்கும்போது ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழும் சின்ன அழுத்தம்தான் அதிகம் புண்ணாக்குகிறது. நமக்கு அந்த இடம் வலிக்கும், தெரியாமலே கொஞ்சம் நொண்டுவோம், பாரம் வேறு இடத்துக்கு மாறும். வலி தெரியாதவர் நொண்டமாட்டார். உள்ளே சதை வீங்கிச் சூடேறி, கடைசியில் வெடிக்கும். சர்க்கரை நோயாளியின் பாதத்திலும் நடப்பது இதேதான். இன்றைய சர்க்கரைப் பாதப் பராமரிப்பில் பல இந்தத் தொழுநோய் மருத்துவமனைகள் கற்றுக்கொடுத்தவை.

ஆகவே தினமும் பார்க்க வேண்டியது சூடு. மாலையில் இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். கை மரத்தவர் என்றால் வீட்டில் வேறொருவர் தொட வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் ஓரிடம் சுடுகிறது என்றால் தோல் கிழியாவிட்டாலும் அந்தக் காலுக்கு விடுப்பு. பாதத்தின் அடியைப் பார்க்கத் தரையில் ஒரு கண்ணாடி வைத்தால் போதும்.

தொழுநோயில் வேர்வைச் சுரப்பியின் நரம்பும் போய்விடுவதால் தோல் வறண்டு வெடிக்கும். சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, காய்ப்பை சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த காலில் தடவிப் பயன் இல்லை. வெந்நீர் கூடாது, பிளேடு கூடவே கூடாது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் ஊறவைக்க வேண்டாம். கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்து, இடுக்கை விட்டு மற்ற இடங்களில் எண்ணெய் தடவினால் போதும்.

சுட்டுக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் அன்றாடப் புழக்கத்தில்தான்: எவர்சில்வர் டம்ளரில் காபி, விரலிடுக்கில் மறந்த பீடி, பைக் சைலன்சர், டவுன் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி. அரிவாள், மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றுங்கள். நெடுநேரம் சம்மணம் போட்டால் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் புண் வரும்.

புண் வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக்கும் களிம்பும் வாங்கிப் போட்டுக்கொண்டு நடப்பதுதான் வழக்கமான தவறு. சீழ், நாற்றம், வீக்கம், காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனை. இவை இல்லாத புண்ணுக்கு வேண்டிய மருந்து, அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது. பாதத்தோடு ஒட்டினாற்போல் போடும் மாவுக்கட்டு அதைத்தான் செய்கிறது.

கண்ணை மறந்துவிட வேண்டாம். பிராண்டின் மனைவி மார்கரெட் கண் மருத்துவர். அவர் கவனித்தது இமைகளை. கருவிழி மரத்துவிட்டால் தூசி விழுந்தாலும் கண் சிமிட்டாது, இமை மூடாது, கண் காய்ந்து புண்ணாகும். காலையில் கண்ணாடியில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், நினைவு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே சிமிட்டுவதும் செலவில்லாத வைத்தியம்.

இந்தியாவில் இன்னும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அரிக்காத, உணர்வு குறைந்த, வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். இடையில் திடீரென்று தேமல் சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். அது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி காட்டும் எதிர்வினை. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அன்றே மருத்துவரைப் பாருங்கள். நரம்பு கெட்டு 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் உணர்வு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

கடைசியாகச் செருப்பு. நுண்துளை ரப்பர் செருப்பை எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். உள்தளத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்தினால் பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும். அமுங்காதது வெறும் ரப்பர்; அமுங்கி எழாதது ஆயுள் முடிந்தது. அடித்தளம் முள் ஏறாத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். ஆணி அடித்துச் சேர்த்திருக்கக் கூடாது, தைத்தோ பசையிலோ ஒட்டியிருக்க வேண்டும். பின்பட்டை கட்டாயம். விரலிடுக்கில் மாட்டும் ஹவாய் செருப்பைப் பிடித்து நடக்க விரலுக்கு உணர்வு வேண்டும், அது இல்லாதவருக்கு உதவாது. பக்கிளுக்குப் பதில் வெல்க்ரோ இருந்தால் மடங்கிய விரலாலும் போடலாம். மருத்துவமனை கொடுத்த கறுப்புச் செருப்பைப் பலர் வீட்டிலேயே விட்டுவருகிறார்கள். தெருவில் அது நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்ற கூச்சம், நியாயமானதுதான். அவர்கள் எம்.சி.ஆர். ரப்பர் தாளை மட்டும் கேட்டு வாங்கி, கடையில் விற்கும் சாதாரண சாண்டலுக்குள் வைத்துத் தைத்துத் தரச் சொல்லலாம். தாளின் கனத்துக்கு இடம் இருக்கும்படி சாண்டலை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். போடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கல் கிடக்கிறதா என்று பார்த்துத் தட்டிக்கொள்ள வேண்டும்.