ட்ரோன் வாடகையை ஏன் ரசிகர் தலையில் கட்டுகிறீர்கள்?

போன வாரம் சாலிகிராமத்தில் என் எடிட்டிங் அறைக்கு ஒரு புது இயக்குநர் வந்திருந்தார். முதல் ஏழு நிமிடத்தை ஓட்டினோம். மலைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. கரகரத்த குரல் ஒன்று ஊர்ப் பெருமை, தாத்தா காலத்துப் பகை, இரண்டு சாவு எல்லாவற்றையும் ஒப்பிக்கிறது. இந்த வருடத்தில் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு பெண் பையோடு வந்து வீட்டு வாசலில் நிற்கிறாள். கதவில் பூட்டு. கீழே மூன்று பால் பாக்கெட்டுகள் வெயிலில் உப்பிக் கிடக்கின்றன.

"தம்பி, படம் இங்கேதான் ஆரம்பிக்குது" என்றேன்.

"பின்னணி சொல்லலைன்னா ஆடியன்ஸுக்குப் புரியாதுண்ணே."

இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புரியாமல் இருக்கட்டுமே! மூன்று நாளாகப் பாலை எடுக்க ஆளில்லையா என்று மனசு அரிக்கும்போதுதான் ரசிகர் போனைப் பைக்குள் வைப்பார். வடபழனி சிக்னலில் கூட்டம் கூடினால் கதை கேட்டுவிட்டா எட்டிப் பார்க்கிறோம்? எட்டிப் பார்த்த பிறகுதான் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்போம். 1954-ல் வந்த 'அந்த நாள்' தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் சாவார். சுட்டது யார், ஏன்? தெரியாது. நாயகனை முதலிலேயே காலி செய்துவிட்டு, ஒரு பாட்டுகூட இல்லாமல், கடைசிவரை நம்மை உட்காரவைத்தார் எஸ். பாலசந்தர். பின்னணியெல்லாம் விசாரணையில் தானாக வந்து சேரும்.

சரி, பிரம்மாண்டமே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். ஹாலிவுட் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் எடுத்து 1958-ல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் முதல் ஷாட் வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் போகும். கேமரா கிரேனில் ஏறி இறங்கும். அலுக்காது. ஏனென்றால் எடுத்த எடுப்பிலேயே ஒருவன் கார் டிக்கியில் டைம் பாம் வைத்துவிடுகிறான். உங்கள் மலையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

தயவுசெய்து, ஷூட்டிங் போவதற்கு முன் ஸ்கிரிப்டின் முதல் பத்துப் பக்கத்தை நீக்கிவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். அப்போதும் கதை தாங்கி நின்றால் அந்தப் பத்துப் பக்கத்தைப் படம்பிடிக்கவே வேண்டாம், பணம் மிச்சம். வாய்ஸ் ஓவரை ம்யூட் செய்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அம்மாவுக்கு வேண்டாம், அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அப்புறம், முழுப்படமும் வெட்டி முடித்து லாக் ஆனபின் ஓபனிங்கை இன்னொரு முறை வெட்டுங்கள். நான் எப்போதும் அதைக் கடைசியில்தான் முடிப்பேன்.

அந்தப் படம் இப்போது பால் பாக்கெட்டில்தான் தொடங்குகிறது. "ட்ரோனுக்கு ரெண்டு நாள் வாடகை கொடுத்திருக்கோம்ணே" என்று பாவமாகச் சொன்னார். இடைவேளைக்குப் பிறகு பேருந்து மலை ஏறும் இடத்தில் நாலு வினாடி வைத்துக் கொடுத்தேன்.