பவளத் தொட்டியில் ஒரு மேய்ச்சல்காரன்

கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு தொடங்கி தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று கோடியக்கரை வரை கடலோரமாகத் தேடினாலும் பவளப்பாறை அகப்படாது. டெல்டாவுக்கு நெல்லைக் கொடுத்த அதே வண்டல்தான் பவளத்துக்குப் பகை. பவள உயிரியின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைத் தன் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. கலங்கிய நீரில் வெயில் இறங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீரோ உப்பின் அளவைக் குலைத்துவிடுகிறது. பவளத்தைப் பார்க்க வேண்டுமானால் மண்டபம், ராமேசுவரம் பக்கம்தான் போக வேண்டும்.

ஆகவே கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஒருவர் கூடத்தில் பவளத் தொட்டி வைக்கிறார் என்றால், காவிரி தன் கரையில் வளரவிடாத ஒன்றைக் கண்ணாடிக்குள் வளர்க்கத் துணிந்துவிட்டார் என்று பொருள். அந்தத் தொட்டிக்காக ஆசைப்பட்டு வாங்கும் மீன்களில் குள்ள ஏஞ்சலுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. வாங்கிய பிறகு அதிகம் திட்டு வாங்குவதும் அதுதான்.

நம் ஊர் வண்ணமீன் கடையில் ‘ஏஞ்சல்’ என்று கேட்டால், நீண்ட துடுப்புகளோடு இருக்கும் அமேசான் நதி மீனைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது நன்னீர் மீன்; வேறு குடும்பம். நான் சொல்வது சென்ட்ரோபைஜி என்ற கடல்மீன் பேரினம். பெரும்பாலான இனங்கள் 15 செ.மீ. நீளத்தைத் தாண்டுவதில்லை. செந்தணல் நிறத்தில் கறுப்புப் பட்டைகள் இறங்கும் ஃபிளேம் ஏஞ்சல், ஊதாவும் ஆரஞ்சும் குழைந்த கோரல் பியூட்டி, எலுமிச்சை மஞ்சளில் லெமன்பீல் ஆகியவை தொட்டிக்காரர்களிடையே பிரபலமானவை.

இந்த மீனைப் பத்து நிமிடம் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. பாறை இடுக்கில் நுழைகிறது, வெளியே வருகிறது, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பாறையை உற்றுப் பார்க்கிறது, ‘டக்’கென்று ஒரு கொத்து, அடுத்த இடுக்கு. பகல் முழுக்க இதே வேலை. வாயில் மெல்லிய பற்கள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கின்றன. பாறைமேல் படர்ந்த பாசிப்படலத்தையும், அதில் சிக்கிய மக்கையும், சிறு பூச்சிகளையும் சுரண்டி எடுக்க ஏற்றவை அவை. ஒவ்வொரு கொத்திலும் கிடைப்பது மிகக் கொஞ்சம். அதனால் கொத்திக்கொண்டே இருந்தாக வேண்டும்.

அப்படியானால் பவளத்தை ஏன் கடிக்கிறது? பவளம் தன் உடம்பின்மேல் ஓயாமல் ஒரு கோழையைச் சுரக்கிறது. படியும் தூசியை வழித்துத் தள்ளவும், கிருமிகளைத் தடுக்கவும், மிதந்து வரும் இரையைப் பிடிக்கவும் அதற்கு இந்தக் கோழை வேண்டும். நுண்பாசி தயாரித்த உணவில் கணிசமான பங்கு இப்படிக் கோழையாகவே வெளியேறுகிறது; அதில் கொழுப்பும் சர்க்கரையும் உண்டு. மேய்ச்சலுக்குப் போன ஆடு புல்லோடு புல்லாக வரப்போரத்து நாற்றையும் ஒரு கடி கடிப்பது போல, பாறையைக் கொத்திக்கொண்டே வரும் மீன் பவளத்தையும் ஒரு கொத்து கொத்துகிறது. ருசி கண்டுவிட்டால் திரும்ப வருகிறது.

ஒரு கடியால் பவளம் சாவதில்லை. தொட்டவுடன் பாலிப், அதாவது பவளத்தின் ஒவ்வொரு சிறு உயிரியும், சுருங்கும், கொஞ்ச நேரத்தில் விரியும். சிக்கல் எங்கே என்றால், நாள் முழுக்கக் கொத்தினால் அது நாள் முழுக்கச் சுருங்கியே கிடக்கும். சுருங்கிய சதைக்குள் இருக்கும் நுண்பாசிக்கு வெளிச்சம் குறைகிறது. பவளம் மெல்லப் பட்டினி கிடக்கிறது. சதை கிழிந்த இடத்தில் கிருமி தொற்றினால், அங்கே வெள்ளை எலும்புக்கூடு தெரியத் தொடங்கும்.

எல்லாப் பவளத்துக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. தடித்த சதை கொண்ட மூளைப் பவளம் போன்றவையும், பவளத்தோடு சேர்த்து வளர்க்கும் ராட்சதச் சிப்பியின் விரிந்த சதை மடிப்பும் முதலில் அகப்படுபவை. எலும்புக்கூடு இல்லாத தோல் பவளங்கள் பலவற்றின் சதையில் மீன்களுக்குப் பிடிக்காத வேதிப்பொருள்கள் இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன. ஒரே இனத்திலேயே ஒரு மீன் ஆண்டுக்கணக்கில் பவளத்தைத் தொடாமல் இருக்கும். இன்னொன்று வந்த வாரமே ஆரம்பித்துவிடும். ‘இந்த மீன் பவளத்துக்கு ஆபத்தில்லாதது’ என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி, தொட்டியில் மேய வேறென்ன இருக்கிறது என்பதுதான். பல மாதம் ஓடி, பாறைகளில் பாசி பிடித்துப் பழகிய தொட்டியில், 250 லிட்டராவது இருக்கும் இடத்தில், எல்லா மீன்களுக்கும் பிறகு கடைசியாக இதை விடுவது நல்லது. நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாக உணவும், கொத்திக்கொண்டிருக்கக் கிளிப்பில் மாட்டிய காய்ந்த கடற்பாசித் தாளும் இருந்தால் பவளத்தின் பக்கம் போகும் நேரம் குறையும். பளபளவென்று துடைத்துவைத்த புதுத்தொட்டியில் இதை விடுவது, பவளத்தைத் தவிர வேறு இலையே போடாமல் விருந்துக்குக் கூப்பிடுவதுதான்.

தண்ணீர் விஷயத்தில் டெல்டாக்காரருக்கு ஒரு சபலம் வரும். வேதாரண்யத்தில் உப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அதைக் கரைத்தால் கடல்நீர்தானே? இல்லை. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சாப்பாட்டு உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகின்றன. பவளம் எலும்புக்கூடு கட்டக் கேட்கும் கால்சியம் அந்த உப்பில் அநேகமாக இல்லை. கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம். இந்த விகிதத்தில் கலந்து விற்கும் கடல்தொட்டி உப்பைத்தான், ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு வரும்படி கரைக்க வேண்டும். வயலோர ஆழ்குழாய் நீரில் உரத்தின் நைட்ரேட் கலந்திருக்கக்கூடும் என்பதால் அது வேண்டாம்.

சித்திரை வெயில் அடுத்த சோதனை. தொட்டி 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் நடந்தது இதுதான். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வைத்தால் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். தஞ்சாவூரின் வறண்ட மதியத்தில் இது இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும். கடற்காற்றின் ஈரத்தில் ஊறிய நாகப்பட்டினத்தில் ஆவியாதலே மந்தம் என்பதால் அவ்வளவு பலன் இராது, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான் வழி. ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நன்னீரையே ஊற்ற வேண்டும். 2018 கஜா புயல் மாதிரி நாள்கணக்கில் மின்சாரம் போகும் ஊரில் பேட்டரி காற்று பம்பு இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கவே கூடாது.

துணைக்கு இன்னொரு குள்ள ஏஞ்சலை விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இவை முதலில் பெண்ணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது ஆணாகிச் சில பெண்களோடு ஓர் எல்லையைக் காக்கும்; அந்த ஆண் இல்லாமல் போனால் அடுத்த பெரிய பெண் சில வாரங்களில் ஆணாகிவிடும். எனவே அளவில் நன்றாக வேறுபட்ட இரண்டைச் சேர்த்து விட்டால் ஓரளவு வாய்ப்பு உண்டு. சம அளவில் இரண்டை விட்டால் சண்டைதான்.

பவளத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ‘ராமேசுவரத்துச் சரக்கு’ என்று யாராவது நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் மீன் பவளத்தை விடவில்லை என்றால் பிடித்து வெளியேற்றத்தான் வேண்டும். வலை வேண்டாம். இதன் கன்னத்தில், செவுள் மூடிக்குக் கீழே, ஒரு முள் பின்னோக்கி நீட்டியிருக்கும். அது வலைக்கண்ணில் மாட்டினால் மீனும் புண்படும், வலையையும் அறுக்க நேரும். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை அறுத்து உள்நோக்கித் திருப்பிச் செருகி, உள்ளே உணவு வைத்துப் பாறையோரம் கிடத்துங்கள். ஓரிரண்டு நாள் சந்தேகத்தோடு சுற்றி வரும். பிறகு எட்டிப் பார்க்கும், கொத்த உள்ளே போகும். அப்போது பாட்டிலோடு தூக்கிவிடலாம்.