சாதுவானவருக்கும் இரத்த அழுத்தம் வரும்

இந்த மாதமும் ஒருவர் வந்தார். நாளிதழ் ஒன்றில் இரவுப் பணியைப் பார்த்துக்கொள்ளும் செய்தி ஆசிரியர் அவர். ஐம்பதை நெருங்கும் வயது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடியை மாற்றப் போனவரின் விழித்திரை இரத்த நாளங்களில் மாற்றங்களைக் கண்ட கண் மருத்துவர், அவரை நேரே என்னிடம் அனுப்பிவிட்டார். அளந்து பார்த்தபோது அழுத்தம் 190/110 இருந்தது. உடன் வந்த சக ஊழியர் திகைத்துப்போய், "இவருக்கா பிரஷர்? இவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததே இல்லையே, டாக்டர்!" என்றார். இதே பேச்சை இன்னும் எத்தனை பேரிடம்தான் கேட்பது என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

கோபக்காரர்களுக்குத்தான் இரத்த அழுத்தம் வரும், சாதுவானவர்களை அது அண்டாது என்ற நம்பிக்கை, மருத்துவச் செய்திகளை அன்றாடம் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவர்களிடமும் வேரூன்றியிருப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. பரம்பரை, வயது, உப்பு, உடல் எடை, நடமாட்டமின்மை, மது, புகை, சிறுநீரகக் கோளாறு, கெட்டுப்போன தூக்கம் என்று அதற்குப் பல காரணங்கள் கூடிவருகின்றன. அவற்றில் எதுவும் ஒருவர் குரலை உயர்த்துகிறாரா என்று பார்த்து வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கோபம் வந்தால் அந்த நேரத்துக்கு அழுத்தம் ஏறும், பிறகு இறங்கிவிடும். நாங்கள் அஞ்சுவது இறங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் அழுத்தத்தைத்தான். மேலும், வெளியே காட்டாததால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், படக்காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் இதயமும் இரத்த நாளங்களும், இயல்பாகப் பார்த்தவர்களைவிட அதிகமாக முடுக்கப்பட்டிருந்தன. அதற்காகக் கத்தித் தீர்த்தால் நோய் வராது என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம், அதுவும் தவறுதான்.

அவருடைய வேலையை விவரிக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் பதிப்புக்கான பக்கத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் விளம்பரப் பிரிவு அரைப்பக்க விளம்பரத்தோடு வந்து நிற்கிறது. முதல் பக்கத்திலிருந்து தன் செய்தி ஏழாம் பக்கத்துக்குப் போனதில் நிருபர் கொதிக்கிறார். மூன்றாவது முறையாகப் பக்கத்தைக் கலைக்க நேர்ந்த வடிவமைப்பாளர் எழுந்து போய்விடுகிறார். அச்சகத்திலிருந்து தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. ஆசிரியரோ தலைப்பை மாற்றச் சொல்கிறார். இவர் நிருபரின் தோளில் கைவைத்து நாளைக்கு இடம் தருவதாகச் சொல்லி, வடிவமைப்பாளரைத் தேநீர் வாங்கிக் கொடுத்து அழைத்துவந்து, அச்சகத்திடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, தலைப்பையும் மாற்றிப் பக்கத்தை அனுப்புகிறார். இதற்கிடையே சிறுநீர் கழிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. சாப்பாடு நள்ளிரவுக்குப் பிறகுதான். பகலில் படுத்தாலும் விடுப்பில் இருந்தாலும் பஞ்சாயத்துக்காகத் தொலைபேசி வந்துகொண்டே இருக்கும். மேலே இருப்பவர்களின் கோபத்தையும் கீழே இருப்பவர்களின் மனக்குறையையும் ஒருவரே வாங்கிக்கொள்வதை அலுவலகம் அவருடைய சுபாவம் என்று நினைக்கிறது. அது உழைப்பு, அதற்கும் ஓய்வு வேண்டும்.

இரவில் தூங்கும்போது இரத்த அழுத்தம் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை இறங்குவது இயல்பு. இரவுப் பணியும் விட்டுவிட்டு வரும் பகல் தூக்கமும் அந்த இறக்கத்தைக் குலைக்கின்றன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன. செய்தி அறையில் 55 மணி நேரம் என்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

எனவே, முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஓடிவந்த மூச்சோடு அளக்காதீர்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபியும் புகையும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கை இதய மட்டத்தில் இருக்கும்படி வைத்து இரண்டு முறை அளக்க வேண்டும். மாத்திரை தொடங்கியவர்கள், அளவு சரியாகிவிட்டது என்று தாமாக நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தானே சரியாக இருக்கிறது! இரவுப் பணிக்காரர்கள், தூங்கி எழும் நேரத்தைச் சொல்லி, மாத்திரைக்கான நேரத்தை மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாதுவான ஒருவர் பொறுத்துக்கொள்வார் என்பதற்காக எல்லாத் தகராறுகளையும் அவரிடமே தள்ளாதீர்கள். விளம்பரத்துக்குக் கடைசி நேரம் என்று ஒன்றை வைத்து, அதை நீங்களே மீறாமல் இருங்கள். பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் அதிகாரத்தை இரண்டாமவர் ஒருவருக்கும் கொடுங்கள். அப்போதுதான் விடுப்பு நாளில் அவரை அழைக்காமல் இருக்க முடியும்.

பணியின் நடுவே யாருக்காவது வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பக்கம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூளையில் இரத்தக் குழாய் அடைத்த பக்கவாதத்துக்குக் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அறிகுறி எப்போது தொடங்கியது என்று மருத்துவமனையில் முதலில் கேட்பார்கள். அதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் கட்டாயம் உடன் செல்லுங்கள்.